செட்டிநாட்டு வீட்டுக்குத் தோட்டத் தொட்டி: ஹைபர்டூஃபாவா, கான்கிரீட்டா, கம்பிவலைச் சிமெண்டா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் வீட்டுக்குத் தொட்டி செய்யக் கிளம்புகிறவர்கள் "எது லேசு, எது அழகு" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்த ஊரில் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஆள் இருக்கிறதா? ஊற்றப்போவது உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் எதில் செய்வது என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக்கிடந்து, படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் இங்கே ஏராளம். காவலுக்கு இருப்பவர் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றினாலே பெரிது. குளிர்நாட்டுக்காரர்கள் வீடியோவில் செய்து காட்டும் தொட்டியை அப்படியே செய்து அந்த வீட்டு வாசலில் வைத்தால், சித்திரை முடிவதற்குள் செடி காய்ந்துவிடும்.

நாம் இங்கே ஒப்பிடுவது மூன்றை. சிமெண்டோடு தென்னை நார்த்தூளும் லேசான துகள்களும் கலந்து செய்யும் ஹைபர்டூஃபா ஒன்று. சிமெண்டும் மணலும் பொடி ஜல்லியும் கலந்து அச்சில் வார்க்கும் கான்கிரீட் இரண்டாவது. கோழிவலையில் உருவம் கட்டி அதன்மேல் சிமெண்ட் கலவை பூசும் கம்பிவலைச் சிமெண்ட் மூன்றாவது; பொறியாளர்கள் இதை ஃபெரோசிமெண்ட் என்பார்கள். துண்டைச் சிமெண்ட் பாலில் நனைத்துக் கவிழ்த்துச் செய்யும் தொட்டிகளைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. பார்க்க அழகாக இருக்கும். வேர் தடித்ததும் பிளந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 12 இஞ்சுக்குக் குறைந்த வட்டத் தொட்டிதான் வேண்டுமென்றால் எதையும் செய்ய வேண்டாம். மானாமதுரை மண்தொட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவில் சுட்ட மண்ணை விலையிலும் சரி, செடியின் சுகத்திலும் சரி, வேறெதுவும் மிஞ்சாது. கையால் செய்வதற்குப் பொருள் இருப்பது மண்ணில் எளிதில் கிடைக்காத பெரிய, நீளமான, சதுரமான தொட்டிகளுக்கும், துளசி மாடத்துக்கும், அல்லித் தொட்டிக்கும், அலங்காரப் பொருள்களுக்கும்தான்.

எடையும் சிமெண்டும்

ஹைபர்டூஃபா 1930-களில் இங்கிலாந்தில் மலைச்செடி வளர்ப்பவர்களிடம் பிறந்தது. பழைய கல்தொட்டிகள் கிடைப்பது அருகியபோது, டூஃபா என்ற நுண்துளைச் சுண்ணாம்புக்கல்லைப் போலத் தோன்றும் ஒரு கலவையை அவர்கள் உருவாக்கினார்கள். மூலக் கலவையில் சேருவது பீட் பாசி, அதாவது சதுப்புநிலத்தில் மக்கிய பாசி. நமக்கு அது கடல் கடந்து வர வேண்டிய சரக்கு என்பதால் தென்னை நார்த்தூள்தான் கதி. "கான்கிரீட்டைவிட லேசு, பனியில் வெடிக்காது" என்பவை இந்தக் கலவையின் புகழ்பெற்ற இரண்டு குணங்கள். பனி உறைவது நமக்குக் கிடையாது. லேசு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

45 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம் உள்ள ஒரு செவ்வகத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஹைபர்டூஃபாவில் சுவர் 4 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அந்தக் கனத்தில் சுமார் 16.7 லிட்டர் கலவை பிடிக்கும். மண்ணுக்குக் கிடைக்கும் இடம் 17 லிட்டர். வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த லேசான தாதுத் துகள்) போட்ட கலவை காய்ந்த நிலையில் 13 முதல் 15 கிலோ வரும். தண்ணீர் குடித்துவிட்டால் 20 கிலோவை நெருங்கும். வெர்மிகுலைட்டுக்குப் பதில் மணலோ செங்கல் சில்லோ போட்டால் காய்ந்த எடையே 22 கிலோவாகும். இதே கனத்தில் கான்கிரீட் வார்த்தால் 37 கிலோ. ஆனால் கான்கிரீட்டை இத்தனை கனமாக வார்க்க வேண்டிய தேவையே இல்லையே! வலை வைத்து 2.5 செ.மீ. கனத்தில் செய்தால் கலவை 11 லிட்டரும் கொஞ்சமும்தான். எடை 25 கிலோ. மண் பிடிக்கும் இடமோ 22 லிட்டர். ஒரு லிட்டர் மண்ணுக்கு எத்தனை கிலோ தொட்டியைச் சுமக்கிறோம் என்று பார்த்தால், நனைந்த ஹைபர்டூஃபாவுக்கும் மெல்லிய கம்பிவலைத் தொட்டிக்கும் வித்தியாசம் காணாது.

சிமெண்ட் செலவும் நினைப்பதற்கு மாறாகத்தான் இருக்கும். மேலே சொன்ன ஹைபர்டூஃபா தொட்டிக்கு, கலவை அமுங்கிக் குறைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், உதிரி அளவில் 25 லிட்டர் சரக்கு வேண்டும். அதில் சிமெண்ட் 6 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது 9 கிலோ. 1 பங்கு சிமெண்டுக்கு 2 பங்கு மணல் என்ற கலவையில் செய்யும் கம்பிவலைத் தொட்டிக்கு 7 கிலோ சிமெண்ட் போதும். ஆகவே சிக்கனத்துக்காக ஹைபர்டூஃபாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேர்ந்தெடுக்க வேறு காரணங்கள் உண்டு: கையில் எடுத்து அழுத்தியே வடிவம் கொண்டுவந்துவிடலாம், கல்போன்ற சொரசொரப்பு கிடைக்கும், சுவர் மூச்சுவிடும்.

அந்த மூச்சுதான் இங்கே வரமும் சாபமும். நுண்துளைச் சுவர் வழியாகத் தண்ணீர் ஆவியாகும்போது வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும். அடீனியம், கள்ளி, சோற்றுக்கற்றாழை, வேர் அழுகலுக்குப் பயப்படும் மற்றச் செடிகள் எல்லாவற்றுக்கும் இது அருமையான வீடு. மல்லிகையை அதே தொட்டியில் வைத்து மேற்கு வெயிலில் நிறுத்தினால் கத்திரியில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

உப்பு இதைவிடப் பெரிய தொல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், சுவர் வழியாக வெளியேறும் ஈரம் காற்றில் போய்விடும். உப்பு வெளிப்பரப்பிலேயே தங்கிவிடும். முதலில் அடிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூக்கும். பிறகு அந்த உப்பு துளைகளுக்குள் படிகமாக விரிந்து பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். குளிர்நாட்டில் உறைபனி செய்கிற வேலையை இங்கே உப்பு செய்கிறது. விரலால் தடவினால் மாவாக ஒட்டும். அடுத்த கோடையில் மூலைகள் மழுங்கும். மழைநீரோ நல்ல ஊற்றுத் தண்ணீரோ கிடைக்காத வீடானால் ஹைபர்டூஃபாவின் உள்பக்கத்தில் சிமெண்ட் பாலோடு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் என்ற செயற்கை ரப்பர் பால் கலந்து இரண்டு கோட் அடிக்க வேண்டும். அடித்த பிறகு சுவர் மூச்சுவிடாது. அப்படியானால் அதற்குக் கம்பிவலைத் தொட்டியையே செய்துவிடலாமே என்பதுதான் எங்கள் எண்ணம்.

ஹைபர்டூஃபா கெடுவது நார்த்தூளில்தான்

ஹைபர்டூஃபா தொட்டி பொலபொலவென்று உதிர்ந்ததாகச் சொல்கிறவர்கள் சிமெண்டைத்தான் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் நார்த்தூளில் இருக்கும். தென்னை நார்த்தூளில் டானின், சர்க்கரைப் பொருள்கள், உப்பு மூன்றும் உண்டு. டானினும் சர்க்கரையும் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். மிகுந்துவிட்டால் இறுகவே விடாது. பீட் பாசிக்கு எழுதிய செய்முறையில் நார்த்தூளை அப்படியே மாற்றிப் போட்டால் அதனால்தான் தோல்வி வருகிறது.

5 கிலோ அழுத்தக் கட்டி ஒன்று ஊறினால் 60 முதல் 75 லிட்டர் தூள் கிடைக்கும். அதைப் பெரிய டிரம்மில் போட்டுத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, சாக்கில் கொட்டிப் பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். காப்பி நிறத்தில் வரும் தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வரும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று தடவையாவது ஆகும். பிறகு 6 மி.மீ. சல்லடையில் சலித்து நீளமான நார்களை எடுத்துவிடுங்கள். நார் நீண்டிருந்தால் மேற்பரப்பில் மயிர்போல நீட்டிக்கொண்டு நிற்கும்.

தொட்டியில் கைவைக்கும் முன் ஒரு சோதனை போடுவது கட்டாயம். போடப்போகும் கலவையிலேயே உள்ளங்கை அகலத்தில், விரல் கனத்தில் ஒரு வில்லை தட்டிப் பாலிதீனில் மூடி நிழலில் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து நகத்தால் கீறினால் கோடு மட்டும் விழ வேண்டும். நகம் உள்ளே இறங்கினால், விளிம்பு விரலோடு உதிர்ந்து வந்தால், நார்த்தூளை மறுபடியும் அலச வேண்டும். அலசியும் சரிவரவில்லை என்றால் சிமெண்ட் எடையில் 2 சதவீதம் கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்துச் சேர்க்கலாம். ஆனால் உள்ளே இரும்பு வலை வைத்த வேலையில் அதைச் சேர்க்கவே கூடாது; குளோரைடு கம்பியைத் தின்றுவிடும்.

கலவை அளவு கொள்ளளவுக் கணக்கில் 1 பங்கு சிமெண்ட், ஒன்றரை நார்த்தூள், ஒன்றரை வெர்மிகுலைட். அதைப்போலவே லேசான பெர்லைட் துகளும் போடலாம். பூட்டிய வீடுகளுக்கும் வாசலில் இடிபடும் இடங்களுக்கும் வெர்மிகுலைட்டுக்குப் பதில் 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள செங்கல் சில்லை நாங்கள் சிபாரிசு செய்வோம். நாட்டுச் செங்கலையோ உடைந்த ஓட்டையோ இடித்துச் சலித்தால் போதும். எடை கூடும், அதற்கு ஈடாக மூலைகள் நிற்கும். சில்லை முன்பே நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். தெர்மோகோல் உருண்டைகளைப் போடுகிறவர்களும் உண்டு. பரப்பு தேயத்தேய அவை தோட்டமெங்கும் பறக்கும், வேண்டாம். நிறத்துக்கென்று செம்மண்ணைக் கலப்பதும் வேண்டாம், களிமண் கட்டிகள் கலவையின் பலத்தைக் குறைத்துவிடும். ரெட் ஆக்சைடு சிமெண்ட் எடையில் 5 சதவீதத்துக்குள் போட்டால் செம்பாறாங்கல் நிறம் வந்துவிடும்.

இதற்கு வலை வைக்கக் கூடாது. நார்த்தூளின் உப்பும் சுவரின் ஈரமும் சேர்ந்து வலையைத் துருப்பிடிக்க வைத்து, சுவரையும் பிளக்கும். 12 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் நார் போதும். மூட்டைக்கு 125 கிராம் என்ற கணக்கில் 9 கிலோ சிமெண்டுக்கு 22 கிராம். சிமெண்டையும் வெர்மிகுலைட்டையும் நாரையும் உலர்வாகக் கலந்து, பிறகு ஈர நார்த்தூளைச் சேர்த்து, கடைசியில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். மெஷினில் நெடுநேரம் சுற்றினால் வெர்மிகுலைட் நசுங்கிவிடும். கலந்ததும் ஐந்து நிமிஷம் விட்டுவைத்து மறுபடி பதம் பாருங்கள். புட்டு மாவு போலப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். இறுக்கிப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு மட்டும் கசிய வேண்டும். ஓடையாக வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, காய்ந்தபின் சுவர் பலவீனப்படும்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அட்டைப்பெட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ அச்சாகும். அடித்தளத்தை 4 செ.மீ. கனத்தில் முதலில் தட்டி, 20 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டுகளை வடிகாலுக்கு நிறுத்துங்கள். உள்பெட்டியில் மணல் நிரப்பினால் சுவர் உள்பக்கம் சாயாது. சுவரை இரண்டு மூன்று விரல் உயரத்துக்கு ஒரு சுற்றாகக் கட்டையால் குத்திக் குத்தி ஏற்ற வேண்டும். சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து மீதியை ஏற்றினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். பிற்பாடு உடைவது அந்தக் கோட்டில்தான். இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதில் செய்தால் 36 முதல் 48 மணி நேரம் கழித்தே அச்சைப் பிரிக்கலாம். சாம்பல் கலக்காத 53 கிரேடு ஓ.பி.சி. என்றால் 24 மணி நேரம் போதும். பிரித்த உடனே, முழுதும் இறுகும் முன், கம்பிப் பிரஷால் தேய்த்தால் கல் முகம் வெளிவரும். மறுநாள் தேய்த்தால் கைதான் வலிக்கும்.

கான்கிரீட்: எங்கே எளிது, எங்கே பிசகும்

கான்கிரீட் வார்ப்பில் கலவை சுலபம், கஷ்டமெல்லாம் அச்சில். 1 பங்கு சிமெண்ட், ஒன்றரை எம்-சாண்ட், ஒன்றரை 6 மி.மீ. சிப்ஸ் ஜல்லி என்ற அளவு 4 செ.மீ. சுவருக்குப் பொருந்தும். தண்ணீர் சிமெண்ட் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது, அதாவது 10 கிலோவுக்கு 5 லிட்டர். கொத்தனார் "ஓடட்டும்" என்று இன்னும் ஒரு மக் ஊற்றுவதைத் தடுக்க வேண்டும். அச்சில் சுலபமாக இறங்கும் என்பது வாஸ்தவம். மேலே தண்ணீர் மிதந்து, காய்ந்ததும் வாய்விளிம்பு மாவாகிவிடும். விளிம்புதான் ஆள் பிடித்துத் தூக்கும் இடம்.

அச்சின் பரப்பு எப்படியோ கான்கிரீட்டின் பரப்பும் அப்படி. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிறவர்கள் கண்ணாடி மேல் நிறக்கலவையை ஊற்றுவதன் ரகசியம் இதுதான்: கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது, தனியாகப் பாலிஷ் தேவையில்லை. வழவழப்பான தொட்டி வேண்டுமானால் அச்சின் உள்பக்கத்தை லேமினேட் பலகையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்து தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். கழிவு ஆயில் கறை விடும். எண்ணெய் தேங்கினால் அங்கே குழி விழும். உள் அச்சைத் துளியாவது கூம்பலாகச் செய்யாவிட்டால் வெளியே வராது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

வலையில்லாத கான்கிரீட் தொட்டி 60 செ.மீ. வரைக்கும் சரி. அதற்கு மேல் காகிதப்பூவோ அரளியோ வைக்கப்போகும் தொட்டிக்கு வலை வேண்டும்.

பெரிய தொட்டிக்குக் கம்பிவலைச் சிமெண்ட்

எங்கள் கணிப்பில் செட்டிநாட்டுக்கு மிகவும் பொருந்துவது இது. மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான். 6 மி.மீ. கம்பியிலோ வெல்டு மெஷ்ஷிலோ எலும்புக்கூடு கட்டி, துத்தநாகம் பூசிய அரை இஞ்ச் கண் கோழிவலையை உள்ளும் புறமுமாகச் சுற்றி, கட்டுக்கம்பியால் ஒரு சாணுக்கு இரண்டு மூன்று இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். வலை துள்ளக் கூடாது. கரண்டியால் கலவையை அழுத்தும்போது வலை உள்வாங்கித் திரும்பினால் பின்னால் காற்றுப்பை விழும். அந்தப் பையில் தண்ணீர் தேங்கித் துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே ஒருவர் உள்ளே பலகை பிடிக்க, இன்னொருவர் வெளியே பூசுவது நல்லது.

கலவை 1-க்கு 2. மணலைச் சன்னமாகச் சலித்த பூச்சு மணலாக எடுக்கலாம், தூசி மிகுந்தால் மயிரிழை வெடிப்புகள் விடும். 10 கிலோ சிமெண்டுக்குத் தண்ணீர் நாலிலிருந்து நாலரை லிட்டர். வலைக்கு மேல் குறைந்தது 5 மி.மீ. கலவை மூடியிருக்க வேண்டும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருப்பதால் மூடிய கலவையைத் தள்ளி உடைத்துவிடும். இரும்பு அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிற காரைக்குடியில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருந்தால் கம்பி வைத்த வேலைக்கு ஆகாது என்று இந்தியத் தரக் குறியீடு 456 சொல்கிறது. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை அனுமதி. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரைக் கலவைக்கு எடுக்காதீர்கள், டேங்கர் தண்ணீரானாலும் பரவாயில்லை. கடற்கரை மணலும் கூடாது.

மெல்லிய சுவர் சீக்கிரம் சூடேறும், அதுதான் இதன் குறை. மேற்கு வெயில் படும் பக்கத்து வேர் வெந்துபோகும். வெளியே சுண்ணாம்பு வெள்ளையடிப்பதும், உள்பக்கம் தென்னை மட்டையையோ நார்ப்பாயையோ ஒட்ட வைத்து மண் நிரப்புவதும் நல்ல தீர்வுகள். தொட்டியின் உள்ளே கருப்பு பிட்டுமன் பெயிண்ட் அடித்தால் வலைக்கும் காப்பு, தண்ணீரும் மிச்சம். வாரம் இருமுறை மட்டும் தண்ணீர் காணும் வாசலில் இப்படிச் செய்த பெரிய தொட்டியில் அரளியும் காகிதப்பூவும் தாக்குப்பிடிக்கும்.

அல்லி, தாமரைத் தொட்டிக்கு இதைத் தவிர வேறு யோசிக்கவே வேண்டாம். கலவையில் சேர்க்கும் நீர்க்காப்பு மருந்தை மட்டும் டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள்.

அலங்காரப் பொருள்கள்

பறவைக்குத் தண்ணீர் வைக்கும் தட்டு, தோட்டத்து விளக்கு மாடம், பாதையோரக் கற்கள் ஆகியவற்றுக்கு ஹைபர்டூஃபா நன்றாயிருக்கும். விளிம்பு முரடாக இருப்பதே அழகு. தண்ணீர்த் தட்டின் குழியில் மட்டும் சிமெண்ட் பால் கோட் கொடுத்துவிடுங்கள். யாளி, தாமரை மொட்டு, முகம் போன்ற நுணுக்க வேலைக்கு அது உதவாது, நார்த்தூள் கூர்மையான கோட்டை ஏற்காது. சிலிகான் ரப்பர் அச்சில் 1 சிமெண்ட், 2 சன்ன மணல் வார்த்து, அச்சின் பக்கங்களைத் தட்டிக் காற்றுக்குமிழை வெளியேற்ற வேண்டும். முதல் கோட்டைப் பிரஷால் அச்சு முழுக்கத் தடவிவிட்டு மீதியை ஊற்றினால் மூக்கிலும் கண்ணிலும் ஓட்டை விழாது. வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளைச் சிமெண்டோடு சலவைக்கல் தூள்.

கையால் வடிக்கத் தெரிந்தவர்களுக்கு நான்காவது வழி ஒன்றும் உண்டு. முகப்பில் இருக்கும் கஜலட்சுமியும் காவல் உருவங்களும் சுண்ணாம்புச் சுதையில் செய்தவை. சுண்ணாம்பு மெதுவாக இறுகும். செதுக்க அவகாசம் தரும். வெறும் சிமெண்டில் அந்த அவகாசம் கிடையாது. 1 சிமெண்ட், அரைப் பங்கு நீர்த்த சுண்ணாம்பு, 4 பங்கு சன்ன மணல் கலந்தால் கரண்டிக்குக் குழைவாக வரும், வெயிலில் வெடிப்பதும் குறையும். சுதை வேலை தெரிந்த ஆசாரியோ கொத்தனாரோ கிடைத்தால் ரப்பர் அச்சு வாங்கும் பணத்தை அவர் கூலிக்குக் கொடுங்கள். வருவது தனி உருவமாக இருக்கும்.

தண்ணீர் காட்டுவதும் காரம் போக்குவதும்

மூன்றுக்கும் பொதுவான விதி இது, மூன்றும் கெடுவதும் பெரும்பாலும் இதில்தான். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. ஈரம் இருக்கும்வரைதான் இறுகும். வெயிலும் காற்றும் கடுமையான இடத்தில் ஓ.பி.சி.க்குப் பத்து நாள், பி.பி.சி.க்குப் பதினான்கு நாள் ஈரம் காக்க வேண்டும். ஆத்தங்குடிக் கற்களைத் தொட்டித் தண்ணீரில் போட்டுவைப்பதும் இதற்காகவே. கான்கிரீட்டும் கம்பிவலைத் தொட்டியும் தண்ணீர் நிரப்பியோ ஈரச் சாக்கு சுற்றியோ நிற்கட்டும். ஹைபர்டூஃபாவைப் பாலிதீனில் இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள், நாலு வாரம் பொறுத்தால் நல்லது.

அடுத்தது காரம். புதுச் சிமெண்டின் ஈரம் பி.எச். (காரத்தைக் காட்டும் அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 12-க்கு மேல் இருக்கும். அவசரப்பட்டு இட்லிப்பூ வைத்தால் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் காரத்தால் வேர் எடுக்க முடியாத நிலை அது. உரம் போட்டுத் தீராது. வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றி, இரண்டு மூன்று வாரம் ஓட்டுங்கள். மீன்தொட்டி கட்டுகிறவர்கள் செய்வதுபோல வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது அல்லித் தொட்டிக்கும் பலன் தரும். பி.எச். தாளில் 8.5-க்குக் கீழே காட்டினால் செடி வைக்கலாம். ஹைபர்டூஃபா துளைகள் நிறைந்தது என்பதால் உள்ளே தங்கிய காரம் நீண்டநாள் கசியும். அதில் அடீனியம், கற்றாழை பிழைக்கும். இட்லிப்பூவுக்கு மானாமதுரைத் தொட்டியே மேல்.

எந்த இடத்துக்கு எது

முற்றத்தில் பகுதி நிழல், பக்கத்திலேயே தண்ணீர், தினமும் ஆள். ஹைபர்டூஃபாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பெரணியும் மணிபிளாண்டும் செழிக்கும். ஆனால் எந்தத் தொட்டியையும் ஆத்தங்குடித் தரையில் நேராக வைக்காதீர்கள். அந்தக் கல்லும் உறிஞ்சும், தொட்டியும் கசியும். அடியில் சுண்ணாம்பு வளையம் விழுந்தால் தேய்த்தும் போகாது. மூன்று கருங்கல் துண்டுகளின்மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டும் வைத்துவிடுங்கள்.

மொட்டைமாடியில் எடை உண்மையாகவே முக்கியம். பழைய வீடுகளின் மாடி மெட்ராஸ் ஒட்டு. மர விட்டங்களின்மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கியது. 45 செ.மீ. தொட்டியே ஈர மண்ணோடு 45 கிலோவைத் தொடும் என்பதால் நடு விட்டத்தில் வரிசை கட்டாமல் சுவர்களின் மேலாக, வெர்மிகுலைட் போட்ட ஹைபர்டூஃபாவாக வையுங்கள். உத்தரத்தில் ஈரம் இறங்கிய கறை தெரிந்தால் அங்கே தொட்டியே வேண்டாம்.

வாசலிலும், பூட்டிய வீட்டிலும், பெரிய செடிக்கும் கம்பிவலைச் சிமெண்ட். துளசி மாடத்துக்குக் கான்கிரீட் வார்ப்பு: கோணம் சுத்தமாக வரும், தினமும் தண்ணீர் விழுவதால் சூடும் தொல்லையில்லை, மேல் தொட்டியை மட்டும் தனியாக வார்த்து வைத்தால் பிற்பாடு மாற்றலாம்.

வேலை தொடங்க மார்கழி, தை மாதங்கள் உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் இருப்பதால் வெடிப்பு வராது. அச்சுப் பிரிக்க ஒருநாள் கூடும். ஆடிக் காற்றில் பூசிய ஒரு மணி நேரத்துக்குள் மேல்தோல் காய்ந்து கோடுகோடாக வெடிக்கும். தட்டி கட்டி மறைத்தால்தான் செய்ய முடியும். கத்திரியில் அச்சைத் தொட வேண்டாம். சிமெண்ட் மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் வருஷத்தையும் பார்த்து மூன்று மாதத்துக்குட்பட்டதாக வாங்குங்கள், ரப்பர் கையுறையும் மூக்குத் துணியும் கூடவே. தையில் வார்த்தால் மாசிக்குள் இறுகி, காரமும் போய், பங்குனி வெயில் ஏறுவதற்குள் செடி வேர்பிடித்துவிடும்.